புகைப்பட நூலில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது

திருமணம், காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கோயில் குடமுழுக்கு போன்ற நிகழ்வுகளின் புகைப்படங்களைக் கணினித் திரையில் பக்கம் பக்கமாக அடுக்கி, அவற்றுக்கு எழுத்தும் அணியும் சேர்த்து, அச்சிட்டுக் கட்டப்படும் தொகுப்பு புகைப்பட நூல் எனப்படுகிறது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மக்கள் இதனை ஆல்பம் என்றே அழைக்கின்றனர். அச்சான புகைப்படத் தாள்களை முதுகோடு முதுகாக ஒட்டி, அட்டை போன்ற கனத்த பக்கங்களாக ஆக்கும் வகைக்குக் கரிஸ்மா ஆல்பம் என்ற பெயர் ஊன்றிவிட்டது. புதுச்சேரி நகருக்குத் தென்மேற்கே, பாகூர் வட்டத்து நெட்டப்பாக்கம் கொம்யூன் என்னும் ஊராட்சிப் பிரிவில், நெல்வயல்களும் கரும்புக் கழனிகளும் சூழ அமைந்த கரியமாணிக்கம் போன்ற சிற்றூரிலும் இன்று கல்யாண வீட்டின் செலவுப் பட்டியலில் ஆல்பத்துக்குத் தனி வரி உண்டு. ஆனால் அந்த ஆல்பத்துக்குள் எந்தப் படம் போக வேண்டும், எது வெளியே நிற்க வேண்டும், போகும் படத்தைச் சுற்றி என்ன வரையலாம் என்பதைத் தீர்மானிக்கும் வேலை பெரும்பாலும் கடைசி நேரத்துக்குத் தள்ளப்படுகிறது. வடிவமைப்பு மென்பொருள்கள் சேர்ப்பதை எளிதாக்கியிருக்கின்றன. விலக்குவதற்கான அறிவை அவை தருவதில்லை. நல்ல ஆல்பத்தையும் வெறும் படக்குவியலையும் பிரிப்பது அந்த அறிவுதான்.

படங்களைத் தேர்ந்து நூலாகக் கட்டும் பழக்கம் தமிழ் நிலத்துக்குப் புதியதன்று. சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி, 1857-58ஆம் ஆண்டுகளில் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை ஆகிய ஊர்களில் பெரிய காகித எதிர்மறைகளில் எடுத்த படங்கள், 1858ஆம் ஆண்டில் தனித்தனித் தொகுதிகளாக, விளக்கக் குறிப்புகளோடு வெளிவந்தன. எதிர்மறை என்பது வெளிச்சம் கருப்பாகவும் நிழல் வெளுப்பாகவும் பதிந்த மூலப்படம். அதிலிருந்தே காகிதத்தில் நேர்ப்படம் எடுக்கப்பட்டது. எல்லா ஊர்களையும் ஒரே நூலில் கலக்காமல் ஊருக்கு ஒரு தொகுதி என்று வகுத்தது அவருடைய திட்டத்தின் முதல் சிறப்பு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை அவர் 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படச்சுருளாக ஆக்கினார். கல்வெட்டு நீளமாக ஓடியதால் படமும் நீண்டது. அங்கே பொருளே வடிவத்தைத் தீர்மானித்தது. அதே டிரைப், அக்கால வேதிப்பொருள்களில் வெறுமையாகப் பதிந்த வானத்தில், எதிர்மறையின் மேல் வண்ணம் பூசி மேகங்களை வரவழைத்தார் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. இன்று மென்பொருள் ஒரு சொடுக்கில் செய்யும் வானமாற்றத்துக்கு 160 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட முன்னோடி இருக்கிறது.

பின்னர் வந்த ஸ்டுடியோக் காலத்தில் தேர்வு என்பது ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே முடிந்துவிட்டது. நடுத்தர அளவு ஃபிலிம் சுருளில் சதுரப்படமாக எடுத்தால் 12 படங்கள், 35 மில்லிமீட்டர் சுருளில் 36 படங்கள் என்ற எல்லை இருந்ததால், யாரை நிறுத்துவது, எப்போது எடுப்பது என்று படக்காரரும் வீட்டாரும் கூடிப் பேசியே ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்டது. தூணும் படிக்கட்டும் தீட்டிய திரைச்சீலை, பக்கத்தில் ஒரு பூச்சாடி, கையில் ஒரு புத்தகம் என அன்றைய வடிவமைப்புக் கூறுகள் கேமராவுக்கு முன்னாலேயே நின்றன. முகத்துத் தழும்பையும் நிழலையும் எதிர்மறையில் பென்சிலால் திருத்தும் ‘டச்சிங்’ வேலைக்குத் தனித் திறனாளர்கள் இருந்தனர். அப்படங்கள் கருப்பு அட்டைப் பக்கங்களில், நான்கு மூலைகளிலும் ஒட்டிய முக்கோணக் கூடுகளில் செருகப்பட்டு, பக்கங்களுக்கு இடையில் சிலந்திவலை அச்சுள்ள மெல்லிய தாள் வைத்துப் பாதுகாக்கப்பட்டன. ஒரு பக்கத்துக்கு இரண்டு அல்லது நான்கு படங்கள், சுற்றிலும் வெற்றுக் கருப்பு. கண் அலையாமல் முகத்தில் நிலைகொள்வதற்கு அதைவிட ஏற்ற வடிவமைப்பு பிற்காலத்தில் வரவில்லை என்றே கூறத் தோன்றுகிறது.

இத்தகைய ஸ்டுடியோப் படங்களைத் தேடிக் காப்பதில் புதுச்சேரிக்குத் தனிப் பங்கு உண்டு. 1955இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்காகப் பிரித்தானிய நூலகம் நடத்தும் திட்டத்தின் துணையோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்களில் எஞ்சியிருந்த ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலப் படங்களை மின்னுருவாக்கினர். தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் பற்றி அதே நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்கள் கொண்ட தொகுப்பைப் பேணி வருகிறது. அத்தகைய தொகுப்பு ஆய்வுக்குப் பயன்படுவதற்குக் காரணம் படங்களின் அழகு மட்டுமன்று. எந்த ஊர், எந்தக் கோயில், எந்தத் திருவுரு என்ற குறிப்பு படத்தோடு சேர்ந்திருப்பதே. குறிப்பில்லாத ஸ்டுடியோப் படத்தில் பட்டுப்புடவையும் நகையும் தெரிகின்றன. உடுத்தியவர் யார் என்பது மறைந்துவிடுகிறது. வீட்டு ஆல்பத்துக்கும் இதே விதிதான்.

கணினி வந்த பிறகு படத்தின் எண்ணிக்கை கட்டறுந்தது. 1990இல் வெளியான ஃபோட்டோஷாப் மென்பொருள், ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கப்படும் கண்ணாடித் தகடுகள் போன்ற ‘லேயர்’ என்னும் அடுக்குகளைப் பின்னர் அறிமுகப்படுத்தியபோது, படம், பின்னணி, எழுத்து, பூ ஆகியவற்றைத் தனித்தனியாக நகர்த்தும் வசதி ஆல்ப வடிவமைப்பாளர் கைக்கு வந்தது. ஆப்பிள் நிறுவனம் 2002இல் வெளியிட்ட ஐஃபோட்டோ மென்பொருளில் பயனர் தாமே பக்கங்களை அமைத்து, அச்சிட்ட நூலாக வரவழைக்கும் ஏற்பாடு இருந்தது. இந்தியாவில் தொழில்முறைப் படக்காரர்களுக்கான புகைப்பட நூல்களை அச்சிட்டுத் தரும் கேன்வேரா நிறுவனம் 2007இல் பெங்களூரில் தொடங்கப்பட்டது. இன்று புகைப்பட நூல் மென்பொருள் என்ற பெயரில் இரு வகைகள் புழங்குகின்றன. முதல் வகையில் வடிவமைப்பாளர் எல்லாவற்றையும் கையால் அடுக்குகிறார். இரண்டாவதில் படக்கோப்புறையைக் காட்டினால் மென்பொருளே பக்கங்களை நிரப்பிக் காட்டுகிறது. பாகூரிலோ வில்லியனூரிலோ ஆல்பம் செய்யக் கொடுக்கும் குடும்பம் முதல் வகையைப் படக்காரர் மூலமாகச் சந்திக்கிறது. பிள்ளைகள் கைப்பேசியிலேயே நூல் செய்து அச்சுக்கு அனுப்பும்போது இரண்டாவது வகையைச் சந்திக்கிறது. இரண்டிலும் தேர்வுச் சிக்கல் ஒன்றே.

கரிஸ்மா ஆல்பத்தின் கணக்கைப் புரிந்துகொண்டால் சிக்கலின் அளவு தெரியும். 12 அங்குல உயரமும் 36 அங்குல அகலமும் கொண்ட, விரித்த நிலையிலான இரட்டைப் பக்கத்தைத் தொழிலில் ஒரு ‘ஷீட்’ என்பர். மடித்தால் அது 12-க்கு 18 அங்குலம் உடைய இரு பக்கங்களாகும். நாற்பது ஷீட் கொண்ட ஆல்பத்தில் ஷீட்டுக்கு ஐந்து படங்கள் என்று வைத்தால் 200 படங்களுக்குத்தான் இடம். முதல்நாள் மாலை வரவேற்பிலிருந்து மறுநாள் முகூர்த்தம், விருந்து, வழியனுப்பு வரை இரண்டு கேமராக்கள் இயங்கினால் சில ஆயிரம் படங்கள் சேர்ந்துவிடுகின்றன. ஆகவே பதினைந்தில் ஒன்றையோ இருபதில் ஒன்றையோ எடுத்து மற்றவற்றை விடுவது கட்டாயமாகிறது. ‘செலக்‌ஷன் பண்ணிக் கொடுங்கள்’ என்று படக்காரர் கொடுத்தனுப்பும் பென்டிரைவ் பல வீடுகளில் மாதக்கணக்கில் அலமாரியில் கிடப்பதற்குக் காரணம் சோம்பல் அன்று; எந்த அளவுகோலும் இல்லாமல் ஆயிரக்கணக்கான படங்களைப் பார்ப்பவருக்கு எல்லாமே வேண்டியவையாகவும் எல்லாமே ஒன்றுபோலவும் தோன்றுவதே காரணம்.

அதற்கு உதவும் வழி, படங்களிலிருந்து தொடங்காமல் நிகழ்வுகளிலிருந்து தொடங்குவது. பந்தக்கால் நடுதல், நலங்கு, பெண் அழைப்பு, வரிசைத்தட்டு, அரசாணிக்கால், மாலை மாற்றுதல், தாலி கட்டுதல், மெட்டி அணிவித்தல், தாய்மாமன் சீர், பெண்ணை அனுப்பும் நேரம் என்று அந்தக் குடும்பத்தின் வழக்கப்படி நடந்தவற்றை முதலில் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஷீட் என்று ஒதுக்கிவிட்டால், அதன்பிறகு நடக்கும் தேர்வு ஒரு சிறு தொகுப்புக்குள் நடக்கிறது. தாலி கட்டும் நொடியில் எடுத்த எண்பது படங்களில் எது வேண்டும் என்று கேட்பது, மூவாயிரத்தில் எது வேண்டும் என்று கேட்பதைவிட எளிது. அந்த எண்பதிலும் ஒரு படம் முழுப் பக்கத்துக்கு, அதைச் சூழ்ந்த முகங்களைக் காட்டும் இரண்டு அல்லது மூன்று சிறு படங்கள் என்று நிறுத்திவிட வேண்டும். தாலி கட்டுவது மணமகன் என்றாலும், முடிச்சுப் போடும் நாத்தனாரின் கை, அட்சதை தூவும் பாட்டியின் கண், கூட்டத்தின் ஓரத்தில் நின்று பார்க்கும் தகப்பனின் முகம் ஆகியவையே ஆண்டுகள் கடந்து அந்த நொடியைத் திரும்பத் தருகின்றன. கூர்மை சற்றுக் குறைந்திருந்தாலும் இத்தகைய படத்தை எடுத்துக்கொண்டு, கூர்மையான ஆனால் வெறும் நிற்றலாக உள்ள படத்தை விடுவதே சரியான முடிவு.

தமிழ்க் குடும்பங்களின் ஆல்பத் தேர்வில் வெளிநாட்டு வழிகாட்டிகள் எதுவும் பேசாத ஒரு நெருக்கடி உண்டு. அது மேடைப் படங்களின் நெருக்கடி. உறவினர் ஒவ்வொருவரும் மணமக்களுக்கு அருகில் நின்று எடுத்துக்கொண்ட படம் ஆல்பத்தில் இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத உடன்பாடு. பெரியப்பா வீட்டுப் படம் பெரிதாகவும் சித்தப்பா வீட்டுப் படம் சிறிதாகவும் வந்துவிட்டால், தாய்மாமன் படம் விடுபட்டுவிட்டால், அந்த மனத்தாங்கல் அடுத்த விசேஷம் வரை நீளும். வடிவமைப்பு நோக்கில் மட்டும் பார்க்கிற சிலர், ஒன்றுபோல் இருக்கும் இந்த மேடைப் படங்களை முற்றாக விட்டுவிடுமாறு அறிவுரை கூறுகின்றனர். அது தவறான அறிவுரை. ஆல்பம் என்பது அழகியல் பொருளாக இருப்பதற்கு முன், யார் வந்திருந்தனர் என்பதற்கான குடும்பச் சாட்சி. மொய் நோட்டு பணத்துக்குச் செய்வதை ஆல்பம் முகத்துக்குச் செய்கிறது. ஆகவே மேடைப் படங்களை ஆல்பம் முழுவதும் தூவாமல், இறுதியில் நான்கைந்து ஷீட்டுகளில், எல்லாவற்றையும் ஒரே அளவுச் சிறு கட்டங்களில், அலங்காரமில்லாத வெள்ளைப் பின்னணியில் வரிசையாக வைப்பது சிறந்த தீர்வாகும். அளவு சமமாக இருப்பதால் குறை சொல்ல இடமில்லை. அவை ஓரிடத்தில் ஒதுங்குவதால் முன்பக்கங்கள் நிகழ்வைச் சொல்லத் தடையின்றிக் கிடைக்கின்றன.

தானே பக்கம் நிரப்பும் மென்பொருள் இந்த நுட்பங்களை அறியாது. ஒவ்வொரு கேமராவும் படக்கோப்புக்குள் எடுத்த தேதி, நேரம், லென்ஸ் போன்ற விவரங்களை எழுதிவைக்கிறது; மென்பொருள் அந்த நேரத்தை வைத்துப் படங்களை வரிசைப்படுத்துகிறது, முகம் இருக்கும் இடத்தைக் கண்டறிந்து வெட்டுகிறது, கண்மூடிய படத்தையும் கலங்கிய படத்தையும் ஒதுக்குகிறது. இரண்டு கேமராக்களின் கடிகாரங்கள் பத்து நிமிடம் வேறுபட்டிருந்தால் தாலி கட்டிய பிறகு மாலை மாற்றுவதாகப் பக்கம் அமைந்துவிடும் என்பதால், நிகழ்ச்சிக்கு முன் எல்லாக் கேமராக்களின் நேரத்தையும் ஒன்றாக்குவதும், தவறியிருந்தால் வரிசைப்படுத்தும் முன் நேரத்தைத் திருத்துவதும் இன்றியமையாதவை. கண்மூடிய படத்தைக் குறையாகக் கருதும் மென்பொருள், மணமேடையில் கண்மூடி வேண்டி நிற்கும் தாயின் படத்தையும் ஒதுக்கிவிடக்கூடும். எனவே மென்பொருளின் தேர்வை முதல் வரைவாக மட்டும் ஏற்று, அது ஒதுக்கியவற்றையும் ஒருமுறை திறந்து பார்ப்பது குடும்பத்தாரின் கடமையாகிறது.

தேர்ந்த படம் அச்சுக்குத் தாங்குமா என்பது அடுத்த கேள்வி. டிஜிட்டல் படம் பிக்சல் எனப்படும் நுண்புள்ளிகளால் ஆனது. தெளிவான அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவு பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அதன்படி ஒரு முழு ஷீட்டை நிரப்ப 10,800-க்கு 3,600 பிக்சல் வேண்டும். 6,000-க்கு 4,000 பிக்சல் தரும் கேமராப் படத்தை 36 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 166 புள்ளிகள்தாம் கிடைக்கும். அதுகூடக் கையெட்டும் தொலைவில் ஓரளவு தாங்கும். பெரிய இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஷீட்டின் வடிவம் மூன்றுக்கு ஒன்று, படத்தின் வடிவம் மூன்றுக்கு இரண்டு என்பதால் உயரத்தில் பாதியை வெட்டியே ஆக வேண்டும். நின்றிருக்கும் மணமக்களின் பாதமோ தலைக்கு மேலுள்ள தோரணமோ போய்விடும். இதனால் இரட்டைப் பக்கம் முழுவதும் விரிக்கத்தக்கவை பந்தியில் அமர்ந்த வரிசை, பந்தலின் முகப்பு, நாகசுரக் குழு, வயலோரம் நடந்துவரும் சீர்வரிசைக் கூட்டம் போன்று இயல்பிலேயே அகன்ற காட்சிகள்தாம்.

உறவினர் கைப்பேசியில் எடுத்த படங்கள் பலமுறை படக்காரர் எடுத்தவற்றைவிட உயிருள்ளவை. ஆனால் அவை வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாக அனுப்பப்படும்போது நீண்ட பக்கம் ஏறத்தாழ 1,600 பிக்சலுக்குச் சுருங்கிவிடுகிறது. அந்தப் படம் ஐந்தேகால் அங்குல அகலத்துக்கு மேல் தெளிவாக அச்சாகாது. படமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ என்ற தெரிவில் கோப்பாக அனுப்பினால் மூல அளவு குறைவதில்லை. பாட்டி, தாத்தாவின் பழைய கருப்பு வெள்ளைப் படத்தைச் சேர்க்க விரும்புவோர் அதைக் கைப்பேசியால் படமெடுப்பதைத் தவிர்த்து, ஸ்கேனரில் அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் பதிவு செய்தால், இரண்டுக்கு மூன்று அங்குலப் படம் நான்குக்கு ஆறு அங்குலமாகத் தெளிவோடு அச்சாகும். பின்புறத்தில் ஸ்டுடியோவின் முத்திரையோ கையெழுத்தில் தேதியோ இருக்கக்கூடும் என்பதால் பின்புறத்தையும் பதிவு செய்வது நல்லது; பசைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்தெடுக்காமல் பக்கத்தோடு வைத்தே பதிவு செய்ய வேண்டும்.

பக்க அமைப்பில் இரண்டு எல்லைகளை மென்பொருள் கோடிட்டுக் காட்டும். அச்சான தாளின் ஓரம் வெட்டப்படும்போது வெள்ளை விளிம்பு தெரியாதிருக்க, பின்னணியை வெட்டுக்கோட்டுக்கு வெளியே மூன்று மில்லிமீட்டர் அளவுக்காவது நீட்டி வைப்பது முதல் எல்லை. முகமும் எழுத்தும் வெட்டுக்கோட்டிலிருந்து போதிய தொலைவு உள்ளே நிற்க வேண்டும் என்பது இரண்டாவது. இவற்றோடு நடுமடிப்பையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். கரிஸ்மா வகையில் பக்கம் முற்றிலும் தட்டையாக விரிந்தாலும் மடிப்புக்கோடு இருக்கவே செய்கிறது. சாதாரணப் புத்தகக் கட்டில் படத்தின் ஒரு பகுதி மடிப்புக்குள் விழுங்கப்படுகிறது. மணமகளின் முகம் சரியாக நடுவில் அமைந்த படத்தை இரட்டைப் பக்கத்தில் விரித்தால் மூக்கின்மேல் மடிப்பு விழும். படத்தை ஒரு பக்கமாக நகர்த்தி, மறுபக்கத்தை வெறுமையாக விடலாம். அந்த வெற்றிடத்தை வீணென்று கருதும் மனப்போக்கை வாடிக்கையாளர் விட வேண்டும். காசு கொடுத்த பக்கம் காலியாகக் கிடக்கிறதே என்ற கவலையால்தான் பல ஆல்பங்களில் ஒரு ஷீட்டில் பதினான்கு படங்கள் நெருக்கியடிக்கின்றன.

அலங்காரக் கூறுகளைப் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. ‘டெம்ப்ளேட்’ என்பது படம் வைக்க வேண்டிய கட்டங்களும் பின்னணியும் முன்கூட்டியே வரையப்பட்ட பக்க வார்ப்பு; நூற்றுக்கணக்கான வார்ப்புகள் அடங்கிய தொகுப்புகள் கடைகளில் கைமாறுகின்றன. வேலை விரைவாக முடிய அவை உதவுகின்றன என்பதில் ஐயமில்லை; குறைந்த கூலியில் இரவுபகலாக ஷீட் அடுக்கும் வடிவமைப்பாளரை அதற்காகக் குறைசொல்வதும் நியாயமன்று. ஆனால் இதயவடிவக் கட்டங்கள், பறக்கும் பட்டாம்பூச்சிகள், ‘மேட் ஃபார் ஈச் அதர்’ போன்ற ஆங்கில வாசகங்கள், மணமக்களுக்குப் பின்னால் பனிமலையும் ஐரோப்பியக் கோட்டையும் ஆகியவை வந்து அமரும்போது, கரியமாணிக்கத்தில் நடந்த கல்யாணத்துக்கும் வேறெங்கோ நடந்த கல்யாணத்துக்கும் இடையே வேறுபாடே இல்லாமல் போகிறது. வீட்டு வாசலில் கட்டிய வாழைமரமும், தெருவை அடைத்துப் போட்ட பந்தலும், ஏரிக்கரையும், அறுவடைக்கு நிற்கும் கரும்பும் அந்தக் குடும்பத்துக்கே உரிய பின்னணிகள். அவற்றை வெட்டியெறிந்துவிட்டுப் பனிமலையை ஒட்டுவது, ஆல்பத்தின் மிக விலையுயர்ந்த பகுதியைக் குப்பையில் போடுவதற்கு ஒப்பாகும். இருபது ஆண்டுகள் கழித்து அந்தத் தெரு எப்படி இருந்தது என்று பேரப்பிள்ளை கேட்கும்போது காட்டுவதற்கு அந்தப் படம் ஒன்றே எஞ்சியிருக்கக்கூடும்.

அணி வேண்டும் என்போர் அதை நிகழ்விலிருந்தே எடுக்கலாம். அன்று வாசலில் போட்ட கோலத்தை மேலிருந்து எடுத்த படம் முதல் பக்கத்தின் பின்னணியாகலாம். முகூர்த்தப் புடவையின் கரை ஆல்பத்தின் ஓரக்கோடாகலாம். அழைப்பிதழின் எழுத்தையே தலைப்புக்குப் பயன்படுத்தலாம். ஒரே ஆல்பத்தில் இரண்டு பின்னணி நிறங்களுக்கு மேல் போகாதிருப்பதும், கட்டங்களுக்கு இடையிலான இடைவெளி எல்லாப் பக்கங்களிலும் ஒரே அளவாக இருப்பதும் பார்ப்பவர் அறியாமலேயே நூலுக்கு அமைதி தருகின்றன.

தோல் நிறத்தை வெளுப்பாக்கும் பழக்கம் கைவிடப்பட வேண்டும். முகப்பொலிவு என்ற பெயரில் மென்பொருள் செய்யும் தானியங்கித் திருத்தம், கறுத்த முகத்தைச் சாம்பல் பூத்த வெளுப்பாக மாற்றி, கைகளை வேறு நிறத்தில் விட்டுவிடுகிறது. கழுத்துக்கு மேல் ஒருவரும் கீழே இன்னொருவருமாக மணமகள் நிற்கும் ஆல்பங்கள் ஏராளம். முகத்தில் விழுந்த நிழலைச் சற்றுத் தூக்கிவிடுவது ஒளியைத் திருத்துவது. நிறத்தை மாற்றுவது ஆளை மாற்றுவது. முகூர்த்த நாளில் அந்தப் பெண் இருந்தபடியே ஆல்பத்திலும் இருக்க வேண்டும் என்பதை வீட்டார் படக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

நிறத்தைப் பற்றிய தொழில்நுட்பச் செய்தி ஒன்றும் இங்கே தேவைப்படுகிறது. திரை, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரமோ நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள், கருப்பு ஆகிய மைகளைக் கொண்டு காட்டுகிறது. ஒளியால் காட்டக்கூடிய பளீர் நிறங்கள் சிலவற்றை மையால் எட்ட முடியாது. மயில்கழுத்து நீலமும் ராணிச் சிவப்பும் திரையில் மின்னி, தாளில் சற்று மங்குவதன் காரணம் இதுவே. கரிஸ்மா ஆல்பம் ஒளியுணர் புகைப்படத் தாளிலேயே அச்சாவதால் அந்த வேறுபாடு குறைவாக இருக்கும். மை அச்சில் வரும் புகைப்பட நூலில் கூடுதலாகத் தெரியும். முழு நூலையும் அனுப்பும் முன் புடவை நிறம் அழுத்தமாகத் தெரியும் ஒரு பக்கத்தை மட்டும் மாதிரியாக அச்சிட்டுப் பார்ப்பது சிறு செலவில் பெரும் ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

தமிழ் எழுத்து இந்த மென்பொருள்களில் இன்னும் முழு மரியாதை பெறவில்லை. எழுத்துகளுக்கு உலகப் பொதுவான எண் தரும் ஒருங்குறி முறையைத் தமிழ்நாடு அரசு 2010இல் தரமாக ஏற்றது. ஆயினும் பாமினி போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்கள் வடிவமைப்புக் கடைகளில் தொடர்ந்து புழங்குகின்றன. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்குரிய எழுத்தமைப்பு இயக்கத்தைத் தெரிவு செய்யாவிட்டால், ஒருங்குறியில் தட்டிய ‘கொ’வின் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். இதைச் சரிசெய்யத் தெரியாததாலேயே மணமக்கள் பெயரை ஆங்கிலத்தில் போட்டுவிடும் வழக்கம் பெருகியது. அமைப்பில் ஒரு தெரிவை மாற்றினால் தீரும் சிக்கலுக்காகத் தமிழ்ப் பெயரைத் தமிழ் வீட்டின் ஆல்பத்தில் தவிர்ப்பது ஏற்கத்தக்கதன்று. முக்தா மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை போன்ற கட்டணமற்ற ஒருங்குறி எழுத்துருக்கள் கிடைக்கின்றன. நூல் முழுவதற்கும் ஒரே எழுத்துரு போதும்.

எழுத்து என்பது தலைப்புக்கு மட்டும் உரியதன்று. படத்தின்கீழ் வரும் சிறு குறிப்பே ஆல்பத்தை ஆவணமாக்குகிறது. பெயர், உறவு, ஊர், தேதி ஆகிய நான்கும் ஒரு வரியில் அடங்கும். அந்த ஒரு வரியை ஏறக்குறைய எந்தத் திருமண ஆல்பத்திலும் காண முடிவதில்லை. புதுச்சேரிப் பகுதிக்கு இது இன்னும் பொருந்தும். 1962 ஆகஸ்ட் 16 அன்று பிரான்சிடமிருந்து இந்தியாவுக்கு ஆட்சி மாற்றம் சட்டப்படி நிறைவேறியபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் அளிக்கப்பட்டது. அதன் விளைவாகப் புதுச்சேரிப் பகுதியின் பல குடும்பங்களுக்கு ஒரு கிளை இங்கும் ஒரு கிளை பிரான்சிலும் உள்ளன. அங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பெரியத்தை யார், ஒன்றுவிட்ட அண்ணன் யார் என்பது படத்தைப் பார்த்துத் தெரியாது. தமிழிலும் பிரெஞ்சிலும் குறிப்பு எழுதிய இரண்டு படிகள் அச்சிட்டால், ஒரே நூல் இரண்டு கரைகளிலும் படிக்கப்படும்.

குடும்ப ஆல்பத்தோடு ஊருக்கு ஓர் ஆல்பம் என்ற எண்ணமும் இங்கே வைக்கத்தக்கது. வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்து, 170 பேர் இந்தியாவுடன் இணைய இசைந்தனர். அந்த வாக்கெடுப்பு நாள், பிரெஞ்சு ஆளுநர் வடம்பிடித்த வழக்கத்தைத் தொடர்ந்து இன்றும் துணைநிலை ஆளுநர் வடம்பிடிக்கும் வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேரோட்டம், பாகூர் மூலநாதர் கோயிலின் சோழர்காலக் கற்றளி, அதைச் சுற்றிய ஏரிப் பாசன வாழ்வு ஆகியவற்றைப் பற்றிய வீட்டுப் படங்கள் இந்த கொம்யூன்களின் பெட்டிகளில் இருக்கத்தான் செய்யும். பள்ளி ஆண்டுவிழாப் படம், கூட்டுறவுச் சங்கக் குழுப்படம், முதல் டிராக்டர் வந்த நாள், வெள்ளம் புகுந்த தெரு என வீட்டுக்கு இரண்டு படம் சேர்த்தாலும் ஒரு நூலுக்குப் போதும். அத்தகைய நூலில் டிரைப் செய்ததுபோல ஒரு தொகுதிக்கு ஓர் ஊர் என்று எல்லை வகுப்பதும், அழகான படத்தைவிட ஆள் தெரிந்த படத்துக்கு முன்னுரிமை தருவதும் பொருத்தமாக இருக்கும். கிராம நூலகமோ பள்ளியோ முன்வந்தால் மென்பொருள் தெரிந்த இளைஞர் ஒருவரும் ஒரு ஸ்கேனரும் இருந்தால் வேலை தொடங்கிவிடலாம்.

அச்சான நூல் கைக்கு வந்த பிறகும் தேர்ந்த படங்களின் மூலக்கோப்புகளை இரண்டு தனித்தனிச் சேமிப்பகங்களில் வைத்திருப்பது நல்லது; கடலோரப் பகுதியின் ஈரக்காற்றில் ஆல்பத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடும் என்பதால், அதைப் பெட்டியில் அடைத்தே வைக்காமல் அவ்வப்போது எடுத்துத் திருப்ப வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஆல்பத்தை அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு மாலைப்பொழுதில் வீட்டின் மூத்தவரைத் திரைக்கு அருகில் அமர்த்தி, தேர்ந்த இருநூறு படங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டி, அதில் நிற்கும் ஒவ்வொருவரின் பெயரையும் உறவையும் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்களைச் சொல்லத் தெரிந்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவராகவே இருக்கலாம்.